சுரங்க ஃபோர்மன் தேர்வுக்குப் படித்தல்

பரீட்சை என்றதும் நம் நினைவுக்கு வருவன பள்ளிக்கூடமும் கல்லூரியுமே. தேறினால் மேல் வகுப்பு. தவறினால் மீண்டும் அதே வகுப்பு. தவறியவனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் அது வருத்தந்தான் என்றாலும், ஊராருக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது வேறு வகையான பரீட்சை. அதில் தகுதியில்லாத ஒருவன் எப்படியோ தேறிவிட்டால், அதன் பலனை அனுபவிக்கிறவர்கள் அவன் மேற்பார்வையில் பூமிக்குள் இறங்கும் தொழிலாளர்கள். சுரங்கத்தில் ஃபோர்மன் ஆவதற்கு உரிய தகுதிச் சான்றிதழ்ப் பரீட்சையைத்தான் சொல்லுகிறேன்.

பொறியியல் தொழில் செய்கிறவனுக்கு அரசாங்கத்தின் உரிமம் வேண்டும் என்ற கொள்கை பழையது. பிரிட்டனில் 1872ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கச் சட்டம், தகுதிச் சான்றிதழ் இல்லாதவர் சுரங்க மானேஜராக இருத்தலாகாது என்று விதித்தது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் 1907இல் பொறியாளர்களுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. நம் நாட்டிலோ எல்லாப் பொறியாளருக்கும் பொதுவான உரிமப் பரீட்சை என்று ஒன்று இல்லை. ஆனால் உயிருக்கு நேரே அபாயம் உள்ள சில துறைகளில் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. கொதிகலன் ஒன்று, மின்சாரம் ஒன்று, சுரங்கம் ஒன்று. இவற்றுள் சுரங்கத்தின் கண்டிப்பே அதிகம் என்பது என் எண்ணம். நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில் என்பதால் இவ்வாறு சொல்லுகிறேன் என்று யாரேனும் நினைத்தால், அதையும் ஒப்புக்கொள்ளுகிறேன்.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ், தங்கம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகச் சுரங்கங்களுக்காக 1961இல் ஒழுங்குமுறைகள் வகுக்கப்பட்டன. பிளாஸ்டர், மேட், ஃபோர்மன், சர்வேயர், இரண்டாம் வகுப்பு மானேஜர், முதல் வகுப்பு மானேஜர் என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் டிரைவருக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. தன்பாத்தில் தலைமையிடம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தைச் சார்ந்த பரீட்சை வாரியம் இவற்றைக் கவனிக்கிறது. பரீட்சைக்கு விண்ணப்பம் செய்கிறவன் சுரங்கத்தில் வேலை செய்த அனுபவத்துக்கு மானேஜரின் சான்று, உடல் தகுதிக்கு மருத்துவரின் சான்று, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் முதலுதவிச் சான்று ஆகியவற்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். புத்தகம் மட்டும் படித்தவனுக்கு இங்கே வாசல் திறப்பதில்லை.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டன என்பது நேயர்களுக்குத் தெரியும். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் தொடங்கியது அங்கே முடிந்தது. அதற்குப் பின் எங்கள் ஊர் ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருக்குப் போய் உழைத்து, இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் ஆனார்கள். நானும் அந்த ரயிலில் போகிறவன்தான். அங்கே ஓர் அலுவலகத்தில் ஆங்கிலத்தை வேறு மொழியில் பெயர்ப்பது என் தொழில். ஆனாலும் சுரங்க வேலை எங்கள் வீடுகளை விட்டு அடியோடு போய்விடவில்லை. ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கத்திலும், ராஜஸ்தானத்துத் துத்தநாகச் சுரங்கங்களிலும், ஜார்க்கண்டின் யுரேனியச் சுரங்கங்களிலும் வேலை தேடிப் போகும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாத்தா இறங்கிய குழி மூடிப் போனாலும் பேரன் வேறொரு குழியில் இறங்குகிறான்.

அப்படிப்பட்ட ஓர் இளைஞன் எங்கள் வரிசையில் நான்காம் வீட்டுப் பிள்ளை. தொலைவில் உள்ள ஒரு சுரங்கத்தில் மேட் வேலை பார்க்கிறான். ஃபோர்மன் பரீட்சை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தவறிவிட்டான். சென்ற பொங்கலுக்கு லீவில் வந்தவன் ஒரு மாலை என்னிடம் வந்து, "மாமா, சுரங்க வேலை எனக்குத் தெரியும். சட்டப் புத்தகத்தின் இங்கிலீஷ்தான் என்னைக் கவிழ்க்கிறது. மேலே நான்கு விடை கொடுக்கிறார்கள், நான்கும் ஒன்றுபோல் இருக்கின்றன" என்றான். பொறியியலில் ஆனா ஆவன்னா தெரியாத கலைப் பட்டதாரி நான். ஆனால் சட்டத்தின் இங்கிலீஷ் என்றதும், அது என் வயலாயிற்றே என்று தோன்றியது. பத்து மாலைகள் சேர்ந்து உட்கார்ந்தோம். அவன் கற்றதைவிட நான் கற்றதே அதிகம்.

முதலில் ஒன்றைக் கண்டுகொண்டேன். கணிப்பொறியின் முன் அமர்ந்து நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் முறை வந்த பிறகு, விஷயம் அறியாதவனைவிட, வாக்கியத்தைச் சரியாகப் பிரிக்காதவனே அதிகம் அகப்பட்டுக் கொள்ளுகிறான். சுரங்க ஒழுங்குமுறைகளின் ஆங்கிலம் எதிர்மறையால் கட்டப்பட்டது. "எவரும் செய்யலாகாது" என்று முதலில் கதவைச் சாத்திவிடும். பிறகு, "இன்னின்னது செய்யப்பட்டாலன்றி" என்று ஒரு சிறு சாளரத்தைத் திறக்கும். அதன்பின், "ஆயினும் இன்ன இடத்தில் இது பொருந்தாது" என்று அந்தச் சாளரத்துக்கும் ஒரு திரை போடும். நம் தமிழ் வாக்கியமோ நேர் எதிர். நிபந்தனைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிக் கொண்டு வந்து, கடைசி வினைச்சொல்லில்தான் "கூடாது" என்று முடிக்கும். ஆங்கில வாக்கியத்தைத் தமிழ்க் காதால் கேட்கிறவன், முதலில் வந்த மறுப்பை நடுவழியில் மறந்துவிட்டு, பின்னால் வந்த நிபந்தனையை மட்டும் பிடித்துக் கொள்ளுகிறான். எங்கள் பிள்ளை செய்தது அதுவே.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். ஒவ்வொரு விதியையும் அவன் தன் சொந்தத் தமிழில், மேட் தன் ஆட்களுக்குச் சொல்லுவது போல எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. "ஷல்" என்று வந்தால் "வேண்டும்". "மே" என்று வந்தால் "லாம்". "ஷல் நாட்" என்றால் "கூடாது". "எழுத்து மூலம் அனுமதி" என்று இருந்தால் "எழுத்து மூலம்" என்பதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும், ஏனெனில் வாய்மொழி அனுமதியைச் சொல்லும் ஒரு தவறான விடை அருகிலேயே காத்திருக்கும். இரண்டு நிபந்தனைகள் "அண்ட்" என்று சேர்க்கப்பட்டிருக்கின்றனவா, "ஆர்" என்று பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் இலக்கணம். மொழிபெயர்ப்பாளன் சொல்லிக் கொடுக்கக் கூடியது இவ்வளவே.

ஆனால் மூன்றாம் நாளே இது போதாது என்று தெரிந்துவிட்டது. வேட்டு வைத்துத் தீர்ந்த பழைய துளையின் மிச்சத்தில் மறுபடியும் துளையிடத் தொடங்கலாகாது என்று ஒரு விதி இருக்கிறது. அவன் அதை அழகாகத் தமிழில் எழுதிவிட்டான். "ஏன் கூடாது?" என்று கேட்டேன். "சட்டம் அப்படி" என்றான். எனக்குச் சுரீர் என்றது. ஏனென்றால் அந்த விதியின் காரணத்தை நான் பத்து வயதில் கேட்டிருக்கிறேன்.

என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகள் பூமிக்கடியில் வேலை செய்தவர். அவற்றில் பாதிக் காலம் மேட்டாக இருந்தவர். வாய்மொழியாகக் கேட்ட பரீட்சையில் தேறியவர். ஒரு நாள் காலை ஷிப்டில், புதிதாக வந்த ஓர் இளம் மேற்பார்வையாளர், வேலையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்ற ஆவலில், பாறை முகத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு பள்ளத்தைக் காட்டி, அங்கேயே துளையிடச் சொன்னாராம். முந்திய ஷிப்டு வைத்த வேட்டின் அடித்துளை அது. அதன் அடியில் வெடிக்காத மருந்து தங்கியிருக்கக் கூடும். துளையிடும் இரும்பு அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தந்தையார் ஒன்றும் பேசாமல் அந்தப் பள்ளத்தின் மேல் தம் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு நின்றாராம். மேற்பார்வையாளர் கோபித்தார். கை எடுக்கப்படவில்லை. பிறகு விளக்கைக் கொண்டு வந்து, கழுவிப் பார்த்தபோது உள்ளே மருந்துக் குச்சியின் மிச்சம் இருந்தது.

அந்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த விதியை எழுதி நல்ல மார்க்கு வாங்கித்தான் அவர் தேறியிருந்தார். சட்டம் "மிச்சத் துளை" என்று எதைச் சொல்லுகிறதோ அது தம் கண் முன்னால் இருந்த அந்தப் பள்ளமே என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அவர் என் தந்தையாரை ஃபோர்மன் பரீட்சை எழுதச் சொல்லி, தாமே பாடம் சொல்லிக் கொடுப்பதாகவும் சொன்னார். தந்தையார் சிரித்து மழுப்பிவிட்டார். ஆங்கிலத்தில் தம் பெயரை எழுதுவதற்கு மேல் அவருக்கு வராது. விதியை அறிந்தவருக்கு வாக்கியம் தெரியவில்லை. வாக்கியத்தை அறிந்தவருக்கு விதி தெரியவில்லை. இருவரும் ஒரே ஷிப்டில் இருந்ததால் அன்று ஒருவரும் சாகவில்லை.

இதைச் சொன்ன பிறகு, நோட்டில் இன்னொரு பத்தியும் கோடு போட்டுப் பிரித்தோம். அதன் தலைப்பு: "ஏன்?" எனக்குத் தெரியாததற்கு எங்கள் தெருக்கோடியில் உள்ள ஒரு பெரியவரிடம் போனோம். எண்பது வயதைத் தாண்டிய அவர் பிளாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. பையன் விதியைத் தமிழில் படிப்பான். பெரியவர் வெற்றிலையை ஓரங்கட்டிவிட்டுக் காரணம் சொல்லுவார். வெடிமருந்தைத் துளைக்குள் தள்ள மரக் கோல்தான் வேண்டும், இரும்பு ஆகாது என்பதற்கு, "பாறையிலே இரும்பு பட்டால் பொறி பறக்குமே அப்பா" என்றார். வெடிக்காத வேட்டைத் தீர்ப்பதற்காக வைக்கும் புதுத் துளை, பழையதிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி, அதற்கு இணையாகப் போக வேண்டும் என்ற விதிக்கு அவர் பதில் சொல்லவில்லை. தம் இரண்டு சுட்டுவிரல்களையும் இணையாகப் பிடித்துக் காட்டி, ஒன்றை மெல்லச் சாய்த்து, நுனிகள் முட்டிக்கொள்ளும்படி செய்தார். பையன் அதற்குப் பிறகு அந்த எண்ணை மறக்கவே இல்லை.

வெப்பத்தைப் பற்றிய விதி எங்கள் ஊருக்கே உரியது என்று சொல்லத் தோன்றுகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையின் இயற்கை வெப்பம் 65 டிகிரி செல்சியசுக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்புவதற்கென்றே இயந்திர நிலையங்கள் வைத்திருந்தார்கள். சட்டம் கேட்பது சாதாரண வெப்பமானியின் அளவை அன்று. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவை. அது 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, 30.5ஐத் தாண்டினால், அங்கே காற்று விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். எங்கள் பிள்ளை இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு முறையும் மாற்றிப் போட்டுக் குழம்பினான். 32 டிகிரியில் வேலை நடக்கலாமா என்று கேட்டால், ஒரு நாள் ஆம் என்பான். மறுநாள் இல்லை என்பான்.

காரணம் தெரிந்தால் குழப்பம் இல்லை. மனித உடம்பு தன் சூட்டை வெளியேற்றுவது வியர்வை ஆவியாவதால். ஈரத்துணியும் வியர்வை படிந்த தோலும் ஒரே வகை. துணியிலிருந்து நீர் ஆவியாக முடியாத அளவுக்குக் காற்று ஈரமாக இருந்தால், தோலிலிருந்தும் ஆவியாகாது. அந்த வெப்பமானி உயர்ந்து நிற்கும். அப்போது உடம்பின் சூடு உள்ளேயே தேங்கி, மனிதன் மயங்கி விழுவான். காற்று ஓடிக் கொண்டிருந்தால், தோலை ஒட்டிய ஈரக் காற்றை அது விலக்கிவிடும், ஆகவே 30.5க்கும் 33.5க்கும் இடையில் ஓடும் காற்றின் துணையோடு வேலை செய்யலாம். அதற்கு மேலே ஓடும் காற்றும் காப்பாற்றாது. 32 டிகிரிக்கு விடை இப்போது தானே வந்துவிடுகிறது அல்லவா?

இதிலிருந்தே கணக்கும் வந்தது. இரண்டரை மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சுரங்கப் பாதையின் குறுக்குப் பரப்பு 5 சதுர மீட்டர். விநாடிக்கு 1 மீட்டர் வேகம் வேண்டுமானால், விநாடிக்கு 5 கன மீட்டர் காற்று அங்கே வந்து சேர வேண்டும். காற்றோட்டப் பாடத்தில் அவன் பயந்து கொண்டிருந்த சூத்திரம் இதுதான். விதியோடு சேர்த்துப் பார்த்தபோது பயம் போய்விட்டது.

எல்லா விதிக்கும் இப்படித் திண்ணையிலே காரணம் கிடைத்துவிடாது. சிலவற்றின் காரணத்தைத் துயரமான வரலாற்றில்தான் தேட வேண்டும். நீர் நிறைந்திருக்கும் பழைய குடைவுகளுக்கு 60 மீட்டருக்குள் எழுத்து மூலமான அனுமதியின்றி வேலை செய்யலாகாது என்ற விதி, நிலக்கரிச் சுரங்கங்களுக்காக 1957இல் வகுத்த ஒழுங்குமுறைகளிலேயே இருந்தது. 1975ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, தன்பாத்துக்கு அருகில் சாஸ்னாலா சுரங்கத்தில் தேங்கி நின்ற நீர் உடைத்துக் கொண்டு உள்ளே புகுந்து, 370க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு போயிற்று. இந்தச் செய்தியைப் படித்த பிறகு 60 என்ற எண் வெறும் எண்ணாக இராது. தங்கவயலின் குடைவுகளும் பம்புகள் நின்ற பிறகு நீர் நிறைந்து கிடக்கின்றன. அவற்றை மீண்டும் திறப்பது பற்றி அவ்வப்போது பேச்சு எழுகிறது. அப்படி ஒரு நாள் வந்தால், முதலில் இறங்குகிற ஃபோர்மன் மனப்பாடமாக அல்ல, மனத்தில் படும்படியாக அறிந்திருக்க வேண்டிய விதி இது.

படிப்பு முறையைப் பற்றி இன்னும் சில சொல்லுகிறேன். ஷிப்டு முடித்து வருகிறவனுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து படிக்க உடம்பு இடங்கொடுக்காது. நாளுக்கு ஐந்து விதிகள் போதும். ஆனால் அன்றைய ஷிப்டில் தான் கண்ணால் கண்ட ஒன்றோடு சேர்ந்த ஐந்து விதிகளாக அவை இருக்க வேண்டும். கூண்டில் இறங்கிய அன்று கூண்டைப் பற்றியவை. முட்டுக் கொடுத்த அன்று கூரைத் தாங்கலைப் பற்றியவை. பழைய வினாக்களைப் பார்க்கலாம். விடைக்காக அல்ல, கேட்கும் மாதிரிக்காக. கடையில் விற்கும் வினா விடைப் புத்தகங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவன் கொண்டு வந்த ஒன்றில் "அன்றி" என்பதையே விட்டுவிட்டு ஒரு விதியை அச்சிட்டிருந்தார்கள்; அதை நம்பிப் படித்தவன் நேர்மாறாகவே விடை எழுதுவான். மூலப் புத்தகத்தை வைத்துக் கொள்ளுவதே நல்லது. அதிலும் ஒரு ஜாக்கிரதை: 2020இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சுரங்கச் சட்டத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஆகையால் எந்த ஒழுங்குமுறையின்படி வினா கேட்கப்படும் என்பதைத் தேர்வு அறிவிப்பில் ஒவ்வொரு முறையும் பார்த்துக் கொள்ள வேண்டும். முதலுதவிச் சான்றும் மருத்துவச் சான்றும் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்க்காமல், கடைசி வாரத்தில் ஓடுகிறவர்களும் உண்டு.

பெரியவரின் திண்ணைக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். ஒவ்வொரு சுரங்கத்திலும் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு பிளாஸ்டரோ மேட்டோ கட்டாயம் இருப்பார். அவரிடம், "அண்ணா, இது ஏன்?" என்று கேட்பதற்குச் சான்றிதழ் தேடும் இளைஞர்கள் சிலர் கூச்சப்படுகிறார்கள். நாளை தாம் அவருக்கு மேலே வரப் போகிறவர்கள் என்ற நினைப்பு. என் தந்தையாரிடம் மாலையில் வீடு தேடி வந்த அந்த மேற்பார்வையாளருக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை.

லீவு முடிந்து பிள்ளை ஊருக்குப் போய்விட்டான். நோட்டுப் புத்தகத்தில் "ஏன்?" என்ற பத்தியில் இன்னும் பல இடங்கள் காலியாகவே இருக்கின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டான். "மாமா, கூண்டுக்கு மணி அடிப்பதில் ஒரு சந்தேகம். இரண்டு மணி என்றால் இறக்கு, மூன்று மணி என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள், சரி. நிற்கும்போது ஒரு மணி அடித்தால் ஏற்று என்கிறார்கள். ஓடும்போது அதே ஒரு மணிக்கு நிறுத்து என்று அர்த்தம். நிறுத்துவதற்கு ஏன் ஒரே ஒரு மணி?"

எனக்குத் தெரியவில்லை. மாலையில் பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடுகிற கூண்டிலே ஆபத்து என்றால், இரண்டாவது மணி அடிக்கக் கை மிஞ்சுமா?" என்றார். அன்று இரவே அதை அவனுக்குச் சொன்னேன், எழுதிக் கொண்டான். பரீட்சை அடுத்த மாதம்.